கைக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து தரும் பெண்ணொருத்திக்குப் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து உயிரைக் காக்கும். பிசியோதெரபி தோளையும் மணிக்கட்டையும் அசைய வைக்கும். வழுக்கும் சங்கரா மீனை அழுத்திப் பிடித்துச் செதில் சீவ முடிகிறதா, புடவைக் கொசுவத்தைச் செருக முடிகிறதா என்று கேட்பது ஆக்குபேஷனல் தெரபி. இத்துறைக்கு அமெரிக்காவில் 1917இல் சங்கம் அமைந்தது. இந்தியாவில் 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆனால் இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள நாம் வேலூர் வரை போனால் போதும். 1940களின் இறுதியில் அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை என்று சிலர் அவரிடமே வருந்தினார்கள். கை சரியானது, பிழைப்பு சரியாகவில்லை. அதனால்தான் நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையம் அமைத்துத் தச்சுவேலை பழக்கினார்கள். அதிலும் ஒரு சிக்கல்: தொழுநோயால் உணர்ச்சியற்றுப்போன கை உளியை எவ்வளவு இறுக்குகிறது என்று அந்தக் கைக்கே தெரியாது, கொப்புளம் எழுந்த பிறகு கண்தான் சொல்லும். ஆகவே தினமும் யாராவது பக்கத்தில் நின்று கையைப் பார்க்க வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபி உதவியாளரின் இடம் இதுதான். நோயாளியை மதிப்பிடுவதும் திட்டம் வகுப்பதும் தெரபிஸ்டின் பொறுப்பு. அதைத் தினமும் செய்யவைத்து, மாறுதலைக் கவனித்துச் சொல்வது உதவியாளருடையது. அரைகுறைப் பயிற்சி ஆபத்தில்லையா என்பார்கள். நியாயமான அச்சம்தான். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவக்கூடும். ஆனால் பயிற்சியே இல்லாத நாம் வீடுகளில் இன்று அப்படித்தானே தூக்குகிறோம்? முறையான படிப்பும் தெரபிஸ்டின் மேற்பார்வையும்தான் இதற்குப் பதில். ஆளே வேண்டாம் என்பது பதிலாகாது. வீட்டார் போதாதா என்பது அடுத்த கேள்வி. வீட்டாரின் பாசம் பாதிப் பிடியில் ஸ்பூன் நழுவும்போதே ஊட்டிவிடுகிறது. கை பழகாமலே போகிறது. எங்கே பொறுக்க வேண்டும், எங்கே தாங்க வேண்டும் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய திறமை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அதே வழியில் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளரும் வரவேண்டும். அவரை மேற்பார்வையிடும் தெரபிஸ்ட் யார் என்பதும் முதல் நாளே எழுத்தில் இருக்கவேண்டும்.