கிதாரை மாற்றலாமா?

வீணையும் வயலினும் சாய்ந்திருந்த மூலையில் இன்று மின்கிதார் சாய்ந்திருப்பதை நமது சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் காண்கிறோம். பெற்றோர்களிற் சிலர் அதனைப் பிள்ளை விளையாட்டு என்றே எண்ணுகின்றனர். ஆயினும், அந்தக் கருவியினால் வரும் ஊதியம் ஒரு வீட்டின் வரவு செலவுக் கணக்கில் ஏறத் தொடங்கிவிட்டால், அதனை மாற்றுவதா வேண்டாமா என்பது வீடு முழுவதும் கூடி ஆலோசிக்க வேண்டிய காரியமாகிவிடுகிறது. அத்தகைய ஆலோசனை ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறேன்.

நாகபுரியில் நமது ரயில்வே குடியிருப்பில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் இருக்கிறான். தந்தை காலமாகிவிட்டார். தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிக் கொடுத்த மின்கிதாரைக் கொண்டு அவன் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறான். குழுவில் மராத்தியரும் தெலுங்கரும் உண்டு. கலியாண வீடுகளில் மராத்திப் பாட்டும் இந்திப் பாட்டும், பொங்கல் விழாவில் நமது சங்க மேடையில் தமிழ்ப் பாட்டும் இசைப்பார்கள். அவ்வூதியத்தில் ஒரு பகுதி தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகிறது. வேறொரு குழுவைச் சேர்ந்த கிதார்க்காரர் அவனிடம் வந்து, “என்னுடையதை நீ எடுத்துக்கொள், உன்னுடையதை எனக்குக் கொடு, பணம் வேண்டாம்” என்றார். நான் பார்சல் அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். மாலை வேளைகளில் சிறிது கிதார் வாசிப்பதுண்டு. ஆகையால் பையன் என்னிடம் வந்து, “மாமா, மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்டான்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. அக்கரை உண்மையிலேயே பச்சையாக இருப்பதும் உண்டு. ஆதலால் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்வதும் முறையன்று. இரண்டையும் ஆராய்ந்து பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

இரு குலத்துக் கருவிகள்

உலகில் இன்று வழங்கும் மின்கிதார்களிற் பெரும்பாலானவை இரண்டு குலங்களின் வழிவந்தவை. அமெரிக்க நடனக் குழுக்களில் ஊதுகுழல்களின் ஓசைக்கிடையே கிதாரின் ஒலி கேளாமற் போனமையே மின்கிதார் பிறந்ததற்குக் காரணம். ஜார்ஜ் பீச்சம் என்பவரும் ரிக்கன்பேக்கர் என்பவரும் சேர்ந்து 1932இல் அலுமினியத்தாலான மின்கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். வாணலி போன்ற வடிவினால் அதற்கு வாணலி என்றே பட்டப்பெயரும் ஏற்பட்டது.

முதற்குலத்தைத் தோற்றுவித்தவர் லியோ ஃபெண்டர். கணக்கெழுதும் உத்தியோகம் பார்த்து, அதனை இழந்த பின் கலிபோர்னியாவில் 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது என்பது வியப்பானதொரு செய்தி. அவருடைய டெலிகாஸ்டர் 1951இல் அப்பெயரைப் பெற்றது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. இவற்றில் கழுத்தை உடலோடு திருகாணிகளால் பிணைத்தார். பழுதானால் கழற்றி மாற்றலாம் என்பது பழுதுபார்ப்பவரின் சிந்தனை.

இரண்டாம் குலம் கிப்ஸன் நிறுவனத்தினுடையது. லெஸ் பால் என்னும் வாத்தியக்காரரின் பெயரால் 1952இல் வந்த கிதார் அது. மகோகனி மர உடலின் மேல் மேப்பிள் பலகை ஒட்டி, கழுத்தையும் உடலோடு பசையிட்டு இணைத்துவிடுவார்கள். கனமான கருவி, ஒலியும் கனமானது.

நமது இளைஞனிடம் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை. அவனுக்குத் தருவதாகச் சொன்னது லெஸ் பால் வகை. இரண்டும் ஆசிய நாடுகளில் செய்யப்பட்டவை. விலையில் பெரிய வேறுபாடில்லை. ஆகையால் இது பணத்தைப் பற்றிய கேள்வியன்று. எது அவனுக்கு உழைக்கும் என்பதே கேள்வி.

இரைச்சல்

மாற்ற வேண்டும் என்று அவன் விரும்பியதற்கு முதற்காரணம் இரைச்சல். கலியாண மண்டபங்களில் அவன் கிதாரைச் செருகியவுடன் வண்டு முரல்வதுபோல் ஓர் ஓசை எழும். பாட்டுக்கிடையே அமைதியான இடம் வந்தால் அது நன்றாகக் கேட்கும்.

கிதாரின் கம்பிகளுக்கு அடியில் ‘பிக்கப்’ என்னும் உறுப்பு உண்டு. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றியிருப்பார்கள். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் பாரடே கண்ட உண்மை இதுவே. ஆனால் அச்சுருளுக்குப் பாட்டு எது, பக்கத்து மின்சாரம் எது என்ற பேதம் தெரியாது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. விளக்குகளும் மின்மாற்றிகளும் பரப்பும் அவ்வலையையும் சுருள் வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடுகிறது.

கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் என்பவர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றுக்கு மற்றொன்று எதிராகச் சுற்றி, காந்தங்களையும் தலைகீழாக அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பாய்ந்து தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது; கம்பியின் நாதமோ இரண்டிலும் ஒன்று சேர்ந்து பெருகுகிறது. 1955இல் உரிமம் வேண்டி விண்ணப்பித்த இந்த ‘ஹம்பக்கர்’ 1957 முதல் கிதார்களில் இடம் பெற்றது. லெஸ் பால் வகையின் தடித்த நாதத்திற்கும் அமைதிக்கும் இதுவே பெருங்காரணம். இந்த ஒரு செய்தியில் மாற்றுக் கருவிக்கே வெற்றி என்பதில் ஐயமில்லை.

எனினும் அவனுடைய கருவியையும் ஆராய்ந்தோம். அதில் மூன்று பிக்கப்புகள். அவற்றைத் தெரிந்தெடுக்கும் விசைக்கு ஐந்து நிலைகள். நடுப் பிக்கப் ஏனைய இரண்டுக்கும் எதிராகச் சுற்றப்பட்டிருந்தது. ஆகவே இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம் நிலையிலும் நான்காம் நிலையிலும் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இதனை அவன் அதுவரை கவனித்ததில்லை. உட்குழியில் செப்புத் தகடு ஒட்டிப் புவித்தொடர்பு கொடுத்தால் கரகரப்பு மேலும் குறையும். 50 அலைவின் ரீங்காரம் மட்டும் தனிப் பிக்கப்பில் ஓரளவு எஞ்சியே நிற்கும். மண்டபத்து மின்செருகியின் மூன்றாம் முனைக்கு உண்மையில் புவித்தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது இரைச்சலுக்காக மட்டுமன்று, உயிருக்காகவும் அவசியம். கையில் கிதாரும் வாயருகில் ஒலிவாங்கியுமாக நிற்பவன் இதில் அசட்டையாக இருத்தல் ஆகாது.

கம்பியும் விரலும்

இரண்டாவது காரணம் கமகம். நமது பாட்டுகளில் சுரம் நின்ற இடத்தில் நில்லாது. அசைய வேண்டும், வளைய வேண்டும். மெட்டுகளின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தே அதனைக் கொண்டுவர வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கமான மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள். அவர் அதனை விடுத்து, ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினில் கருநாடக இசையை வாசித்தார். தம் இசைக்கு எது வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தபின் கருவியை மாற்றுவது குறையன்று என்பதற்கு அவரே சான்று.

நமது இளைஞனுடைய கிதாரில் கம்பியின் அதிரும் நீளம் 25½ அங்குலம். மற்றதில் 24¾ அங்குலம். ஒரே பருமனுள்ள கம்பியை ஒரே சுருதிக்குக் கூட்டினால், குறுகிய நீளத்தில் இழுவிசை நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு குறையும். ஆகவே லெஸ் பால் வகையில் விரலுக்கு நோவு குறைவு. ஆனால் அவன் பூட்டியிருந்த முதற்கம்பி ஆயிரத்தில் 10 அங்குலப் பருமன். அதற்குப் பதில் 9 போட்டால் அந்தக் கம்பியின் இழுவிசை நூற்றுக்கு 19 பங்கு குறைகிறது. கிதாரை மாற்றிப் பெறும் நன்மையைக் காட்டிலும் அதிகமானதைக் கம்பித் தொகுதி ஒன்றின் விலைக்கே பெறலாம் என்றாயிற்று. மெல்லிய கம்பியில் ஒலி சிறிது மெலியும் என்பதும் உண்மை.

கழுத்து முறிந்தால்

இனிச் சொல்லப்போவது பார்சல் அலுவலகத்தில் இருப்பவனுக்கு எளிதில் தோன்றுவது. அவனுடைய குழு ராய்ப்பூருக்கும் போபாலுக்கும் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்யும். கிதார் மேற்படுக்கையில் கிடக்கும். அல்லது கீழே மூட்டைகளோடு நிற்கும். லெஸ் பால் வகையில் முடுக்காணிகள் உள்ள தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அது கழுத்தோடு சேரும் இடம் மெலிந்தது. பெட்டி சாய்ந்து விழுந்தால் முதலில் முறியும் இடம் அதுவே என்பதைக் கிதார் பழுதுபார்ப்போர் அனைவரும் அறிவர். முறிந்ததைப் பசையிட்டு ஒட்டலாம். ஆனால் அதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும், நாளும் வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் தலை ஏறக்குறைய நேராகவே செல்கிறது, மரம் மேப்பிள், அதுவும் பழுதானால் நான்கு திருகாணிகளைக் கழற்றி வேறு கழுத்தைப் பூட்டலாம்.

கலியாண மாதத்தில் பத்து நாள் கிதார் இல்லாவிட்டால் பத்து நாள் வரும்படி போயிற்று. தங்கையின் கட்டணத்துக்குக் கெடு தள்ளிப்போகாது. எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லெஸ் பால் வகை 4 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். மற்றது பெரும்பாலும் அரைக்கிலோ குறைவு. நான்கு மணி நேரம் நின்று வாசிப்பவனின் தோளுக்கு அந்த அரைக்கிலோ தெரியும். எதிர்த்தரப்பார் ஏன் மாற்ற விரும்புகிறார் என்று விசாரித்ததில், அவரும் தோள்வலியையே காரணமாகச் சொன்னார். ஒளிக்காமல் சொன்ன அவருடைய நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

விரற்பலகை இரண்டிலுமே ஈட்டி மரம், அதாவது தோதகத்தி. நமது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் அம்மரம் உலகெங்கும் கிதார்களுக்குப் பயன்படுகிறது. அம்மர இனம் முழுவதும் 2017இல் உலக வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளித்தனர். நாகபுரியின் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும்போது மரம் வறண்டு சுருங்கி, மெட்டுகளின் நுனி பலகைக்கு வெளியே தலைநீட்டிக் கையைக் கீறும். இதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை.

சோதித்த முறை

மாற்றிக்கொள்ள எண்ணுவோர் பின்பற்றத்தக்க முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே பருமனுள்ள புதுக்கம்பி பூட்டி, ஒரே ஒலிபெருக்கியில், வழக்கமாக வாசிக்கும் மண்டபத்திலேயே வாசித்துப் பார்க்க வேண்டும். பழங்கம்பியின் மங்கிய ஒலியைக் கருவியின் குற்றம் என்று எண்ணிவிடலாகாது. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை ஒருசேர அழுத்தி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் கழுத்தின் வளைவு தெரியும். தலைக்கும் கழுத்துக்கும் நடுவே பழைய முறிவின் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். திருகுகளை மெல்லத் திருப்பிக் கரகரப்பு உண்டா என்று கேட்க வேண்டும். புகழ்பெற்ற பெயர் பொறித்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. ஆதலால் வாங்கிய சீட்டும் கருவியின் எண்ணும் ஒத்துப் போகின்றனவா என்று பார்த்து, மாற்றத்தை இருவரும் எழுதிக் கையொப்பமிடுவது நலம்.

முடிவு

இவ்வளவும் பார்த்தபின் தாயாரிடம் கேட்டோம். தாம் வாங்கிக் கொடுத்த பொருள் என்ற காரணத்துக்காக அவர் மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ, “சீட்டுப் பணம் அன்றைக்கே செலவாகிப் போச்சு. இப்ப அது அவன் கைக்கு ஆயுதம். எது ஒடியாம நிக்குமோ அதை வச்சுக்கட்டும்” என்றார்.

இளைஞன் மாற்றவில்லை. செப்புத் தகடும் மெல்லிய கம்பியும் போட்டுத் தன் கிதாரையே வைத்துக்கொண்டான். இதனால் அவனுக்கு நட்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஹம்பக்கரின் தடித்த நாதம் அவன் கருவியில் வராது. சோதித்த அன்று மண்டபத்தில் அந்த நாதத்தைக் கேட்டபோது அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வரும்படி பெருகி, தங்கையின் படிப்பும் முடிந்தபின், இருப்பதைக் கொடுக்காமலே இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

வீட்டிலேயே வாசிப்பவனாகவோ, ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பவனாகவோ அவன் இருந்திருந்தால், மாற்றிக்கொள் என்றே நான் சொல்லியிருப்பேன். ஆதலால் இம்முடிவை எல்லோருக்கும் பொதுவிதியாகக் கொள்ள வேண்டா. நமது வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய கேள்வியோடு வந்தால், அன்பர்கள் மூன்று செய்திகளை மட்டும் கேட்பார்களாக: இப்போதுள்ள கருவியில் குறை என்ன, அக்குறையைச் சிறுசெலவில் போக்க முடியுமா, புதிய கருவி பழுதுபட்டால் நமது ஊரில் யார் சீர்செய்வார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் பிள்ளை எதைத் தேர்ந்தாலும் தடை சொல்லாதிருப்பதே நல்லது.