சுவரில் மலர்ந்த நந்தவனம்

குடியரசின் பெயரை மட்டும் நிறுத்தி, அதிகாரமனைத்தையும் தம் கையில் குவித்துக்கொண்டவர் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ். அவருடைய பத்தினி லிவியாவின் மாளிகை, நகருக்கு வடக்கே பிரைமா போர்ட்டாவில் 1863-ல் தோண்டிக் காணப்பட்டது. அதில், கோடை வெப்பத்துக்கு அஞ்சிப் பாதி பூமிக்குள் இறக்கிக் கட்டிய அறையொன்று உண்டு. அதன் நான்கு சுவர்களிலும், இடையே ஒரு தூண்கூடத் தீட்டாமல், ஒரே தோட்டத்தை எழுதியிருக்கிறார்கள். மாதுளையும் சீமைமாதுளையும் கனிந்து தொங்க, அவற்றினருகே இளவேனிற் பூக்களும் மலர்ந்திருக்கின்றன! பருவங்களும் தமக்கு அடங்கியவை என்று ஏகாதிபத்தியம் பறைசாற்றிய விதம் இதுவென்றே நாம் கருதுகிறோம். 1951-52-ல் பெயர்த்தெடுக்கப்பட்ட அச்சித்திரங்கள் இன்று ரோம் நகரின் மாஸிமோ மாளிகைக் காட்சிச்சாலையில் உள்ளன. ஓவியனின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவன் கண் கூரியது. கிளைதோறும் பறவைகள் சுயேச்சையாய்த் திரிய, சலவைக்கல் வேலியின்மேல் ஒரு கூண்டையும், அதற்குள் ஒரு பறவையையும் அவன் எழுதிவைத்திருக்கிறான்.