மதிப்புப் பொறியியல்

வீடு கட்டுவோர் பலர், ஒதுக்கிய தொகை போதாமல் பாதிவழியில் இடர்ப்படுவதைக் காண்கிறோம். அந்நிலையில், சிலர் கம்பியின் அளவையோ சிமெண்டின் அளவையோ குறைத்துச் செலவை ஈடுகட்ட முற்படுவர். அச்செயல் குடியிருப்போரின் உயிருக்கே ஊறு விளைவிக்கும். தரமும் பாதுகாப்பும் குன்றாமல், தேவையற்ற செலவை மட்டும் கண்டறிந்து நீக்கும் முறையே மதிப்புப் பொறியியல் எனப்படும்.

தோற்றம்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் மூலப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் மாற்றுப்பொருள்களைத் தேடினர். அவற்றுள் சில, விலை குறைந்தும் பயன் குறையாமலும் இருந்தன. இதனை ஆராய்ந்த அந்நிறுவனப் பொறியாளர் லாரன்ஸ் மைல்ஸ், 1947ஆம் ஆண்டு இதனை ஒரு முறையாக வகுத்தார். ஒரு பொருள் ஆற்றும் பணி யாது, அப்பணியை வேறு எவ்வாறு நிறைவேற்றலாம், அதற்கு என்ன செலவாகும் என வினவுவதே இதன் அடிப்படை.

கட்டடத்தில் பயன்பாடு

இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) கையாண்ட இரு உத்திகள் இதற்குச் சான்றாகும்.

சுவரின் பணி, எடையைத் தாங்குவதும் வெயில், மழையைத் தடுப்பதும் ஆகும். செங்கற்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கினால், சுவரினுள் வெற்றிடம் அமையும். ‘எலிப்பொறிக் கட்டு’ எனப்படும் இம்முறையில் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பம் புகுவதையும் குறைக்கும்.

கற்காரைத் தளத்தின் நடுப்பகுதியில், மேற்புறக் கற்காரை அமுக்குவிசையைத் தாங்குகிறது. கீழ்ப்புற இழுவிசையை எஃகுக் கம்பிகள் தாங்குகின்றன. அங்குள்ள கற்காரையின் பங்கு மிகக் குறைவு. ஆகவே, கம்பிகளுக்கு இடையே கீழ்ப்புறத்தில் மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கற்காரையைக் குறைக்கலாம். தளத்தின் எடையும் அதனால் குறையும். ஆயினும், கம்பிகளைச் சுற்றிப் போதிய கற்காரை சூழ்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் அவை துருப்பிடிக்கும். கம்பியின் அளவைப் பொறியாளரே கணக்கிட்டு உறுதி செய்தல் வேண்டும்.

உரிய காலம்

இத்தகைய ஆய்வை வரைபட நிலையிலேயே மேற்கொள்ளுதல் நன்று. தாளில் ஒரு கோட்டை மாற்றுதல் எளிது. எழுப்பிய சுவரை இடித்து மாற்றினால் மிச்சமாகும் பணத்தைவிட இழப்பே மிகும். பொதுப்பணத்தில் எழும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இவ்வாறு மிச்சமாகும் தொகை, மேலும் ஒரு வகுப்பறைக்கோ படுக்கைக்கோ உதவும். எனவே, ஒன்றைக் குறைக்குமுன் அது அங்கு எதற்காக உள்ளது என்பதை அறிதல் இன்றியமையாதது.