கடைசிப் பாட்டு ஏன் கரகரக்கிறது?

எல்.பி. ரெக்கார்டின் முதல் பாட்டு கணீரென்று இருக்கும். அதே பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு வரும்போது 'ச'வும் 'ஸ'வும் சீறும். மேல் ஸ்தாயியில் குரல் கிழியும். புதிதாக டர்ன்டேபிள் வாங்கியவர்கள் ரெக்கார்டு தேய்ந்துவிட்டது என்பார்கள். கையில் காசிருந்தால் பிளேயரையே மாற்றக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு பெரும்பாலும் ஊசி முனையில்தான் இருக்கும், அதுவும் சில மைக்ரான் கணக்கில்.

1948-ல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி., நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. சுழற்சி மாறாது. ஆனால் ஊசிக்கு அடியில் தடம் ஓடும் வேகம் மாறிக்கொண்டே போகும். வெளி விளிம்பில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிற தடம், லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு விளிம்பில் 51 மைக்ரான் நீளம் கிடைக்கும். உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். மலிவான பிளேயர்களோடு வரும் கூம்பு வடிவ ஊசியின் முனை ஆரமோ 15 முதல் 18 மைக்ரான். அவ்வளவு பருத்த முனை அந்த நெளிவுக்குள் இறங்க வழியில்லை. மேலோட்டமாக உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசல்தான் கரகரப்பு.

நீள்வட்ட ஊசியில் தடத்தின் சுவரைத் தொடும் விளிம்பின் ஆரம் சுமார் 8 மைக்ரான்தான். அதைவிடக் கூர்மையாகத் தீட்டியவையும் உண்டு. 1970-களில் ஜப்பானின் ஜே.வி.சி. நான்கு ஒலித்தட ரெக்கார்டுகளை வெளியிட்டது. அவற்றில் 30,000 ஹெர்ட்ஸில் ஓர் ஊர்தி அலை பதிந்திருந்தது. அதைப் படிக்க அங்கே பணிபுரிந்த நோரியோ ஷிபாட்டா ஒரு புது முனையை வடிவமைத்தார். நான்கு ஒலித்தட ரெக்கார்டு சில வருடங்களில் காணாமல் போனது. ஷிபாட்டா ஊசி இன்றும் விற்கிறது.

ஆகவே, முதல் செலவு ஊசிக்கு என்பதே என் கட்சி. நல்ல வேளையாக, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் உடல் ஒன்றுதான். கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா என எந்த ஊசியையும் கையாலேயே கழற்றி மாட்டலாம். சூட்கேஸ் வடிவத்தில் வரும் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவற்றின் பீங்கான் கார்ட்ரிட்ஜ் 5 கிராம் அளவுக்குக்கூட அழுத்தும், அதைக் குறைக்கத் திருகும் இருக்காது. அதற்கு மேல் அதில் பணம் போடாதீர்கள். எடை திருத்தும் வசதியுள்ள பிளேயருக்குச் சேர்த்து வையுங்கள்.

புது ஊசி வாங்கியும் பலருக்குக் கரகரப்பு போவதில்லை. காரணம், பொருத்திய கோணம். ரெக்கார்டின் மூலத்தட்டை வெட்டும் எந்திரத்தில் வெட்டுமுனை நேர்கோட்டில் நகரும். நம் வீட்டுப் பிளேயரின் கை ஒரு முனையில் நிலைத்து, வில் வளைவாக நகரும். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. 1938-ல் ஸ்வீடனின் லோஃப்கிரென் கணக்குப் போட்டுக் காட்டியபடி, தட்டின் மையத்திலிருந்து குறிப்பிட்ட இரண்டே தூரங்களில் பிழையைச் சுழியாக்கலாம். மற்ற இடங்களில் குறைக்கலாம். இன்று பரவலாகப் பயன்படும் அமைப்பில் அந்தத் தூரங்கள் சுமார் 66 மி.மீ., 121 மி.மீ. இந்த இரண்டு புள்ளிகளைக் குறித்த கோணமானியை இணையத்தில் எடுத்து, அளவு பிசகாமல் அச்சிட்டு, அதன் கோடுகளுக்கு இணையாகக் கார்ட்ரிட்ஜைத் திருப்பி இறுக்கினால் போதும். ஒரு மாலை நேரம் பிடிக்கும், காசு பிடிக்காது.

அடுத்தது எடை. ஊசி தாவினால் கையின் தலையில் நாலணாவை வைத்துப் பாட்டுக் கேட்ட தலைமுறை நம்முடையது. அது தட்டை அறுக்கும். எடையை அதிகம் குறைப்பதும் ஆபத்துதான்: பிடிமானம் இல்லாத ஊசி தடச் சுவரில் மோதி மோதித் துள்ளும், அந்தக் காயம் ஆறாது. வி.எம்.95-க்கு நிறுவனம் சொல்வது 2 கிராம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் சரிபார்த்துவிடலாம்.

இனி மின்சாரப் பக்கம். காந்த வகை கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன் அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்க வேண்டும். கூடவே இன்னொரு வேலையும் உண்டு. கீழ் ஒலிகளை அப்படியே பதித்தால் தடங்கள் அகலமாக ஆடி ஒன்றையொன்று வெட்டிவிடும் என்பதால் அவற்றைக் குறைத்தும், மேல் ஒலிகளைக் கூட்டியும் பதிப்பார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் அந்த அளவுகோல் 1954-ல் வந்தது. ஃபோனோ ப்ரீஆம்ப் அதை நேர்தலைகீழாகத் திருப்புகிறது. பிளேயருக்குள்ளும் ஆம்ப்ளிஃபயரிலும் ப்ரீஆம்ப் இருந்தால் ஒன்றை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒலி உப்பிச் சிதறும். 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' ரீங்காரம் கேட்டால் எர்த் வயரைப் பாருங்கள். விலையுயர்ந்த கேபிள் அதற்கு மருந்தல்ல.

வேகத்தையும் ஒருமுறை சோதியுங்கள். 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஸ்பீக்கரை பிளேயர் இருக்கும் மேசையிலேயே வைக்க வேண்டாம். அதிர்வு ஊசி வழியாகத் திரும்பவும் பாட்டுக்குள் புகும்.

பரணில் கிடைத்த 78 வேகத் தட்டுகளை எல்.பி. ஊசியில் ஓட்டாதீர்கள். அவற்றின் அகலத் தடத்துக்குச் சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள தனி ஊசி வேண்டும். அந்தத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவும் கூடாது, அவற்றில் உள்ள அரக்கு கரைந்துவிடும்.

எந்த ஊசிக்கும் ஆயுள் உண்டு. வி.எம்.95 வரிசையில் நீள்வட்ட ஊசிக்கு 300 மணி நேரம், மைக்ரோலைனுக்கு 1,000 மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது. தினம் ஓர் எல்.பி., அதாவது 45 நிமிடம் கேட்பவருக்கு 300 மணி நேரம் 400 நாளில் தீர்ந்துவிடும். பழைய பிளேயர் வாங்கினால், முந்தைய சொந்தக்காரர் என்ன சொன்னாலும் சரி, முதல் ரெக்கார்டைப் போடும் முன்பே ஊசியை மாற்றிவிடுங்கள்.