மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கா? ஆபரேஷன் கட்டாயமா? தெரிஞ்சுக்க வேண்டியவை!

ராத்திரி படுத்தா ஒரு பக்க மூக்கு அடைப்பு, வாயால் மூச்சு, காலையில் வறண்ட தொண்டை. டாக்டரிடம் போனால், "மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணலாம்" என்கிறார். உடனே ஓகே சொல்லலாமா?

மூக்குத் தண்டு என்றால் என்ன?

இரண்டு நாசித் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர்தான் அது. முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. பிறவியிலோ, வளரும்போதோ, அடிபட்டோ இது ஒரு பக்கம் சாயலாம். லேசான வளைவு பெரும்பாலானோருக்கு உண்டு. தொந்தரவு இல்லை என்றால் சிகிச்சையும் தேவையில்லை.

அடைப்பு பக்கம் மாறி மாறி வருகிறதா?

சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சதை வீங்கி, மறுபக்கம் சுருங்குவது இயல்பு. தும்மல், அரிப்பு, நீர் ஒழுகல் இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம். ஆபரேஷன் செய்தாலும் அலர்ஜி போகாது. எப்போதும் ஒரே பக்கம் அடைப்பு, அடிக்கடி சைனஸ் தொல்லை, மூக்கில் ரத்தம் என்றால் தண்டு வளைவைச் சந்தேகிக்கலாம். எண்டோஸ்கோப்பி மூலம் இஎன்டி டாக்டர் உறுதி செய்வார்.

சொட்டு மருந்து போதாதா?

மெடிக்கலில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் போட்டால், அதுவே அடைப்பை அதிகமாக்கும். டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு. அது வீக்கத்தைக் குறைக்கும். ஆனால் வளைவை நிமிர்த்தாது.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

பெயர் செப்டோபிளாஸ்டி. மூக்கின் உள்ளேயே கீறி, மேல்சவ்வை விலக்கி, வளைந்த பகுதியை அகற்றியோ சீராக்கியோ திரும்ப மூடுவார்கள். வெளியே தழும்பு இருக்காது. மூக்கின் தோற்றத்தை மாற்றும் 'ரைனோபிளாஸ்டி' வேறு. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம்.

பலன் உண்டா?

பிரிட்டனில் 378 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் பிஎம்ஜே இதழில் வெளியானது. ஸ்ப்ரே மட்டும் பயன்படுத்தியவர்களைவிட, ஆபரேஷன் செய்தவர்களுக்கு 6 மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அதேநேரம், ஆபரேஷன் செய்தவர்களில் சுமார் 4% பேர் ரத்தக்கசிவால் மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. தொற்று, தண்டில் ஓட்டை, வாசனை குறைவது போன்ற பாதிப்புகளும் வரலாம்.

அதுக்கப்புறம் கவனிக்க வேண்டியவை

* முதல் ஒன்றிரண்டு வாரம் மூக்கு அடைச்ச மாதிரியே இருக்கும், பயப்பட வேண்டாம்.
* மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும்.
* தலையை உயர்த்திப் படுக்கணும். கனமான பொருள் தூக்கக் கூடாது.
* ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சலோடு வலியும் அடைப்பும் அதிகமானாலோ உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

குறட்டைக்காக இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்னையை இந்த ஆபரேஷன் மட்டுமே சரிசெய்யாது. அதனால் நாள் குறிக்கும் முன், "என் அடைப்புக்கு வளைவுதான் காரணமா, அலர்ஜியா?" என்று டாக்டரிடம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.