முல்லைப் பெரியாறு: ரெண்டு மாநிலம் மோதினா நடுவுல மாட்டுறது யாரு?

அமெரிக்காவும் சீனாவும் உரசினால், அங்கே போய்ப் பல வருஷமாக வாழ்பவர்களுக்குத்தான் முதல் பதற்றம். அந்தப் பதற்றம் தேனி மாவட்டம் கூடலூருக்குப் புதுசில்ல. 2011-லேயே பார்த்தாச்சு.

என்ன பிரச்சினை?

முல்லைப் பெரியாறு அணை இருப்பது கேரளாவில்; இயக்குவது தமிழ்நாடு. காரணம், 1886-ல் திருவிதாங்கூருடன் பிரிட்டிஷ் அரசு போட்ட 999 வருஷக் குத்தகை. 1895-ல் பென்னிகுக் அணையைக் கட்டி முடித்தார். தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து, கூடலூர் பக்கத்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அவர்களுக்கு அணை உடையுமோ என்ற பயம். நமக்குத் தண்ணீர் நின்றுவிடுமோ என்ற பயம்.

2011 டிசம்பரில் என்ன ஆச்சு?

குமுளி வழியாகப் போக்குவரத்து நின்றது. இடுக்கி ஏலத்தோட்டங்களில் பல வருஷமாக இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் குடும்பத்தோடு மலை இறங்கினார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன.

யாருக்கு நஷ்டம்?

ரெண்டு பக்கமும்தான். இடுக்கி ஏலக்காய் போடியில் ஏலம் போகிறது. கம்பம் காய்கறி கேரளாவுக்குப் போகிறது. ஆள் இல்லாமல் தோட்டம் இல்லை, தோட்டம் இல்லாமல் கூலி இல்லை.

இப்போ?

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. புது அணை வேண்டும் என்கிறது கேரளா. வழக்கில் அடிக்கணக்கு பேசுவார்கள். எல்லை தாண்டி வாழ்பவர் கேட்பது ஒண்ணுதான்: நாளைக்கு ஜீப் மலையேறுமா?