ஒரே சைட்டுக்கு ஐந்து விலை

கோவையில் சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் ஐந்து சென்ட் சைட் தேடி அலைந்தவர்களுக்கு இது தெரியும். ஒரே இடத்தை ஐந்து புரோக்கர்கள் காட்டுவார்கள், ஆளுக்கொரு விலை சொல்வார்கள். "டைரக்ட் பார்ட்டிங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். சர்வே நம்பர் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. நம்பர் கிடைத்தால் பட்டாவில் பெயரைப் பார்த்து நேரே உரிமையாளர் வீட்டுக்குப் போய்விடலாம். வெயிலில் அலைந்து இடம் காட்டியவருக்குக் கமிஷன் கிடைக்காது. கோவையில் மனைத் தகவல் மறைந்தே கிடப்பதற்கு வேர் இந்தப் பயம்தான்.

அமெரிக்கத் தரகர்களுக்கும் இதே பயம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் ஊர்ச் சங்க அலுவலகங்களில் கூடி, தம் கையிலுள்ள வீடுகளை மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். என்னிடம் வந்த வீட்டுக்கு நீ ஆள் கொண்டுவா, கமிஷனில் உனக்குப் பங்கு என்பதுதான் பேச்சு. 1908இல் சிகாகோவில் அவர்களுக்குத் தேசிய சங்கமே உருவானது. அந்தப் பேச்சு பிறகு அச்சுப் புத்தகமாகி, இன்று கணினியில் எம்.எல்.எஸ். என்ற பொதுப் பட்டியலாக இருக்கிறது.

அது நடக்கும் விதம் இப்படி. விற்பவர் பெரும்பாலும் ஒரே தரகரோடு குறிப்பிட்ட காலத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார். அந்தத் தரகர் முகவரி, பரப்பு, அறைகள், விலை எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றுகிறார். உறுப்பினரான எந்தத் தரகரும் அதைப் பார்த்து ஆள் கொண்டுவரலாம். விற்க ஒப்பந்தம் ஆனதும் பட்டியலில் நிலை மாற்றப்பட வேண்டும், விற்றதும் விற்ற விலை பதிய வேண்டும். தவறான தகவல் தந்தாலோ, தாமதித்தாலோ அபராதம் உண்டு. விற்ற விலைகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதால், பக்கத்து வீடு உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதை வைத்தே அடுத்த வீட்டுக்கு விலை போட முடிகிறது. எனக்கு அங்கே பொறாமையாக இருப்பது இந்த ஒன்றில்தான்.

விலையை மறைப்பது, திறந்து வைப்பது என நம் பக்கத்திலேயே இரண்டு வழியும் உண்டு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள், சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சள் மாதிரியை எல்லா வியாபாரியும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். நம் மனை வியாபாரம் இன்னும் துண்டுக்கு அடியில்தான் நடக்கிறது.

அமெரிக்கப் பொதுப் பட்டியலிலும் குறை உண்டு. வாங்குபவரின் தரகருக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவர் தரப்பே பட்டியலில் அறிவித்ததால் கமிஷன் குறையவே இல்லை என்று வழக்குகள் வந்தன. 2024 மார்ச்சில் அந்தத் தேசிய சங்கம் 41.8 கோடி டாலர் தர இசைந்தது. அந்த ஆகஸ்டிலிருந்து பங்குத்தொகையைப் பட்டியலில் போடக்கூடாது.

இங்கே நமக்கு இருப்பவை 2005இல் வந்த 99ஏக்கர்ஸ் போன்ற விளம்பரத் தளங்களும் புரோக்கர்களின் வாட்ஸ்அப் குழுக்களும். யாரும் எதையும் போடலாம். விற்ற சைட் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அழைத்தால் "அது முடிஞ்சுதுங்க, பக்கத்துல இன்னொண்ணு இருக்கு" என்று பதில் வரும். கமிஷன் பங்கைக் காக்கும் விதி இல்லாதவரை எந்தச் செயலியும் இதை மாற்றாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அரசுப் பதிவுகள் திறந்தே இருக்கின்றன. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய லேஅவுட்டைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக்கூடாது; அத்தகைய மனையை விற்றுத்தரும் முகவரும் பதிந்திருக்க வேண்டும். இரண்டையும் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பார்க்கலாம். பழைய சைட் என்றால் பத்திரப்பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கமும், வருவாய்த் துறைத் தளத்தில் பட்டாவும் பார்க்கலாம். பழைய சைட்டை இப்படிப் பார்க்க சர்வே நம்பர் வேண்டும். அதனால் புரோக்கரிடம் முதலில் கமிஷனைப் பேசி, எத்தனை சதவீதம், எப்போது தருவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு நம்பரைக் கேளுங்கள்.